கனமா, அரைபடுகிறதா?

சென்ற ஆண்டு பெங்களூரு இந்திராநகரில், ஒரு மாடி அறையில் நடந்த மன அழுத்த மேலாண்மைக் குழு வகுப்பில் எட்டு வாரம் கலந்துகொண்டேன். பன்னிரண்டு பேரில் பாதிக்கு மேல் என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள். அல்சூரில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரும் இருந்தார். முதல் நான்கு வாரம் ஓர் ஆலோசகரும், அவர் விலகிய பிறகு வேறொருவரும் நடத்தினார்கள். இருவர் கையிலும் இருந்தது ஒரே பாடக் குறிப்புதான்: மூச்சுப் பயிற்சி, தசைகளை இறுக்கித் தளர்த்துதல், எண்ணங்களை எழுதி ஆராய்தல்.

முதலாமவர் கனிவானவர். யார் எதைச் சொன்னாலும் "புரிகிறது, புரிகிறது" என்பார். தையல்கார அண்ணன் மூன்றாம் வாரத்தில், "மாருல அம்மிக்கல்ல வெச்ச மாதிரி இருக்கு" என்றபோதும் அதே பதில்தான் வந்தது. அண்ணன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் வாரம் வந்தவர் கன்னடக்காரர். தயங்கித் தயங்கித் தமிழ் பேசினார். அண்ணன் அதே வார்த்தையை மறுபடி சொன்னதும் சற்று யோசித்து, "கனமா இருக்கா, இல்ல அரைக்குதா?" என்று கேட்டார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அரைக்குது மேடம். முகூர்த்தத் துணி ஒண்ணு தப்பா வெட்டிட்டேன். அதே நினைப்புதான் சுத்திச் சுத்தி வருது." நெஞ்சு என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டி ஈசிஜி எடுத்துவிடும்படி அவர் சொன்னார், பிறகுதான் எண்ணங்களை எழுதும் தாளை எடுத்தார். கேட்டுக்கொண்டிருந்த எங்களில் இருவர், தாங்களும் அரைபடுவதாகத் தாமாகவே சொன்னார்கள். ஒருவரிடம் காட்டிய கவனத்தைப் பதினொரு பேர் பார்க்கிறார்கள் என்பதே குழு வகுப்பின் தனித்தன்மை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில், மற்றவருடைய உள்ளுலகைத் தன்னுடையது போல உணர்வதும், அந்தப் 'போல'வை ஒருபோதும் தவறவிடாதிருப்பதுமே பரிவு என்று விளக்கினார். கனிவுக்கும் இதற்கும் உள்ள தூரம் அந்தக் கேள்வியில் இருந்தது. 6,138 பேரை உள்ளடக்கிய 82 மாதிரிகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, ஆலோசகரின் பரிவுக்கும் சிகிச்சைப் பயனுக்கும் இடையிலான தொடர்பை 0.28 என்று கணக்கிட்டது (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). இது நடுத்தர அளவுதான். நலமடைந்து வருபவர்களுக்கு ஆலோசகர் பரிவுள்ளவராகத் தோன்றவும் கூடும் என்பதால், எது எதற்குக் காரணம் என்று இதைக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. எனினும், ஆலோசகர் தமக்குத் தாமே இடும் மதிப்பெண்ணைவிட, எதிரில் இருப்பவர் இடும் மதிப்பெண்ணே பயனோடு நெருங்கி நிற்கிறது என்பதை என்னால் எளிதில் நம்ப முடிகிறது. முதலாமவரும் தமக்கு நல்ல மதிப்பெண்ணே போட்டிருப்பார்.

வீட்டுப் பயிற்சியில்தான் வேறுபாடு அதிகம் தெரிந்தது. "செய்தீர்களா?" என்று முன்னவர் கேட்டபோது எல்லோரும் கை தூக்கினோம், நான் தூக்கியது பொய். இவரோ, "எந்த நாள் விட்டுப்போச்சு, அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அண்ணன் பயிற்சிக்குக் குறித்திருந்த இரவு பத்து மணிக்கும் கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அப்படித்தான் வெளிவந்தது. முந்தைய வாரங்களின் பழக்கமும் எங்கள் நாவைத் தளர்த்தியிருக்கலாம், அதையும் மறுப்பதற்கில்லை.

வகுப்பு முடிந்த பின் ஒருநாள், கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க அண்ணன் கடைக்குப் போனேன். பயிற்சித் தாள் தையல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதில் 'இரவு 10' என்பது துணியில் குறியிடும் சாக்குக்கட்டியால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் 'சாப்பாட்டுக்கு ஷட்டர் இறக்கும்போது' என்று எழுதியிருந்தது.