மதுரைக்கு மூன்று தடவை போன ஹீலா செல்கள்

காரைக்குடியில் பஸ் ஏறி, தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "என்னத்தா, மீனா?" என்றார்.

"செல்லுண்ணே."

"செல்போனுக்கா இம்புட்டுப் பெட்டி?"

அதற்குமேல் நான் விளக்கவில்லை. ஹீலா என்பது ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல். உயிரோடிருக்கும் அந்தச் செல்லுக்குள் பிஹெச், அதாவது அமில-கார அளவு, எவ்வளவு என்று பிசிஇசிஎஃப் என்ற ஒளிரும் சாயத்தை வைத்து அளக்க வேண்டும். செல் வளர்ப்பது இங்கேயே ஆகிவிடும், ஒளிர்வு நுண்ணோக்கிக்குத்தான் மதுரை.

முதல் பயணம் அலுவலக மேசையோடு முடிந்தது. கடிதத்தில் நெறியாளர் கையெழுத்து இருக்கிறது, துறைத்தலைவர் முத்திரை இல்லை. வாட்ஸ்அப்பில் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "ஒரிஜினல் வேணும்மா" என்றார், தலையை நிமிர்த்தாமல். இரண்டு நாள் வளர்த்த செல்கள் பிளீச்சில் போயின. "மீனா இருந்திருந்தா குழம்பாச்சும் வச்சிருக்கலாம்" என்றாள் அப்பத்தா.

இரண்டாவது தடவை முத்திரை இருந்தது, மற்றதெல்லாம் கெட்டது. சிவப்பாகக் கிளம்பிய மீடியம் (செல் வளரும் திரவம்) மதுரை போவதற்குள் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. இன்குபேட்டரின் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடை விட்டு வெளியே வந்தால் பைகார்பனேட் மீடியத்தில் காரம் ஏறும் என்று பாடத்தில் படித்தவள்தான் நான். பிஹெச் அளக்கக் கிளம்பி, வழியிலேயே பிஹெச்சைக் கெடுத்துக்கொண்டேன்! போதாததற்கு பிளாஸ்டிக் டிஷ். எண்ணெய் லென்ஸ் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு ஏற்றது, தடித்த பிளாஸ்டிக் வழியாக ஃபோகஸே கிடைக்கவில்லை. குறைந்த லென்ஸில் பார்த்தால் திரை முழுக்கப் பச்சை மூட்டம். மீடியத்துக்கு நிறம் தரும் ஃபீனால் ரெட்டும் தன் பங்குக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தடவை அடியில் கண்ணாடி வைத்த டிஷ், வெளிக்காற்றிலும் பிஹெச்சைப் பிடித்துவைக்கும் ஹெப்பிஸ் சேர்த்த மீடியம், மூடியைச் சுற்றி பாராஃபிலிம் என்ற மெழுகுத் தாள். அங்கே போனதும் ஃபீனால் ரெட்டும் சீரமும் (மீடியத்தில் கலக்கும் ரத்தநீர்) இல்லாத பஃபருக்கு, அதாவது பிஹெச் எளிதில் மாறாத கரைசலுக்கு, மாற்றிவிட்டுத்தான் சாயம் போட்டேன். சீரத்தில் உள்ள எஸ்டரேஸ் என்ற நொதி, சாயம் செல்லுக்குள் நுழையும் முன்பே, நுழைய உதவும் அதன் ஏஎம் வாலை வெட்டிவிடும். அப்புறம் அது உள்ளே போகாது.

நுண்ணோக்கியில் ஸ்லாட் (நேரம்) வாங்கும் முன் 440 நானோமீட்டர் ஒளிக்கான ஃபில்டர் இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். 490 எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் அது மட்டும் போதாது. ஒரு செல் பளிச்சென்று தெரிந்தால் அதில் சாயம் கூடுதலாக ஏறியிருக்கலாம், பிஹெச் கூடியதாக ஆகாது. இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டி, 535-ல் வரும் ஒளிர்வில் 490-க்குக் கிடைத்ததை 440-க்குக் கிடைத்ததால் வகுத்தால்தான் அந்த வித்தியாசம் அடிபடும். விளக்கை விடாமல் எரியவிட்டால் சாயமும் வெளுக்கும், செல்லும் வாடும். நான் அரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன்.

கடைசியில் அளவுத்திருத்தம். பொட்டாசியம் அதிகமுள்ள பஃபரில், செல் சவ்வில் அயனிகளைக் கடத்தும் நைஜெரிசின் போட்டால் செல்லின் உள்ளும் வெளியும் ஒரே பிஹெச்சுக்கு வந்துவிடும். 6.5, 7.0, 7.5 மூன்றுக்கும் புள்ளி வைத்தேன், கோடு நேராக வந்தது. என் செல்கள் 7.2-ல் நின்றன. சத்தம் போடாமல் கைதட்டிக்கொண்டேன். நைஜெரிசினை மட்டும் கடைசியாகவே எடுங்கள். குழாயில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது, அடுத்து வருபவரின் செல்லைப் பதம் பார்க்கும்.

வெளியே வரும்போது அதே மேசை. "அடுத்த ஸ்லாட்டுக்குப் புதுக் கடிதம் வேணும்மா, முத்திரையோட." இப்போது என் பையில் முத்திரை குத்திய கடிதங்கள் ஐந்து இருக்கின்றன, தேதி மட்டும் எழுதவில்லை.