துறவி தலை வானத்துல முட்டக்கூடாது

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் வரைஞ்ச 'கடலோரத்தில் துறவி' படத்தைப் பார்த்து வரையணும்னு ரொம்ப நாள் ஆசை, ஒருவழியா ஆரம்பிச்சுட்டேன். 1808ல இருந்து 1810 வரைக்கும் அவர் வேலை பார்த்த படம், இப்போ பெர்லின்ல ஆல்ட்டே நேஷனல்கேலரிங்கிற அருங்காட்சியகத்துல இருக்கு. ஒரிஜினல் 110க்கு 171.5 செ.மீ, நான் அதுல அஞ்சுல ஒரு பங்கு, 22க்கு 34, கேன்வாஸ் போர்டுல அக்ரிலிக்.

முதல் மூணு நாள் வானம் மட்டும்தான், படத்துல முக்கால்வாசிக்கு மேல அதுதானே. அக்ரிலிக் சட்டுனு காஞ்சிடுது, சாம்பலும் நீலமும் சேர்ற இடத்துல கோடு விழுந்துட்டே இருந்துச்சு, ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிச்சு நல்லா நீர்க்கக் கரைச்சு ஏழெட்டு பூச்சு போட்டப்புறம்தான் மேகம் மாதிரி வந்துச்சு. கடல் ஒரே நாள்ல முடிஞ்சது, கருப்புக்குக் கிட்டப் போற ஒரு பட்டை, அவ்ளோதான்.

ஆளைப் போட்டப்போதான் மாட்டிக்கிட்டேன். கொஞ்சம் உயரமாப் போட்டுட்டேன், தலை அடிவானத்தைத் தாண்டி வானத்துக்குள்ள போயிடுச்சு. எட்டி நின்னு பார்த்தா படமே வேற, மலையேறி ஜெயிச்சவன் மாதிரி நிக்கிறான். ஃப்ரீட்ரிக்கே 1818 வாக்குல வரைஞ்ச 'பனிமூட்டக் கடலுக்கு மேல் பயணி' படத்துல அப்படித்தான், ஆள் நட்டநடுவுல பாறை மேல முதுகைக் காட்டிக்கிட்டு, தலை வானத்துல. அங்க அது அழகு. ஆனா துறவி படத்தை ஜூம் பண்ணிப் பாருங்க, தலை அந்தக் கருங்கடல் பட்டைக்குள்ளயே நின்னுடுது, வானத்தைத் தொடவே இல்ல. இத்தனை வருஷம் பார்த்தும் இதைக் கவனிக்கலையேன்னு ஆயிடுச்சு.

கடல் கலரை வச்சு அவனை மூடிட்டு, காஞ்சப்புறம் ரொம்ப மெல்லிசான ஜீரோ பிரஷ்ல மறுபடி போட்டேன். தலை கடுகு அளவுக்குத்தான் வரும், அதுல ஒரு துளி வெளிர் மஞ்சள், கையைத் தாடைக்குக் கொண்டுபோற மாதிரி ஒரு சின்ன வளைவு. அதை வச்ச உடனே மேல இருக்கிற வானம் ரெண்டு மடங்கு பெருசான மாதிரி இருந்துச்சு, வானத்துல நான் கையே வைக்கல!

இன்னொண்ணும் செஞ்சு பார்த்தேன். ஃப்ரீட்ரிக் முதல்ல கடல்ல கப்பல்கள் வரைஞ்சிட்டு அப்புறம் மூடிட்டார்னு அகச்சிவப்புப் படம் எடுத்துக் கண்டுபிடிச்சிருக்காங்க. சரி, கப்பல் இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு ஓஎச்பி ஷீட்ல (கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் தாள்) மார்க்கரால ரெண்டு பாய்மரம் வரைஞ்சு படத்து மேல வச்சேன். கண்ணு நேரா கப்பலுக்குத்தான் போகுது, துறவி யாரோ வர்றதுக்காகக் காத்திருக்கிற ஆள் ஆயிடுறார். ஷீட்டை எடுத்தா அவர் எதுக்கு நிக்கிறார்னே தெரியல, அப்பதான் வயித்துல ஏதோ பண்ணுது. வச்சு எடுத்து வச்சு எடுத்துப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன்.

இன்னைக்குக் கடற்பறவைங்க மட்டும் பாக்கி இருந்துச்சு, டூத்பிக் முனையால வெள்ளை வச்சாச்சு. வார்னிஷ் அடுத்த வாரம்.