பரட்டையா, சுருட்டையா? ஸ்ட்ரெய்ட்டனிங் நாற்காலியில் உட்காரும் முன்

"ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிக்கலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: உங்களுக்குப் பிடிக்காதது சுருட்டையா, பரட்டையா? சுருட்டை பிறவியில் வருவது. மயிர்க்கால் வளைந்திருப்பதால் முடியும் வளைந்தே வெளியே வரும். மொட்டை போட்டாலும் அதே சுருளோடுதான் மறுபடி முளைக்கும். பரட்டை அப்படியல்ல, அது வறட்சி. காய்ந்த முடி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போய், பக்கத்து முடியோடு சேராமல் தனித்தனியாக விறைத்து நிற்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில், போர்வெல் உப்புத்தண்ணீரில் குளித்து, காய்ந்த பிறகு நெருக்கமான பல் சீப்பால் வாரினால் எந்தச் சுருட்டை முடியும் பரட்டையாகத்தான் தெரியும். அதைப் பார்த்து "என் முடியே இப்படி" என்று முடிவுகட்டி வருகிறவர்கள் நிறைய.

பரட்டைதான் பிரச்சினை என்றால் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அந்த மூன்று மாதமும் காய்ந்த முடியில் சீப்பு படக்கூடாது. குளிக்கும்போது கண்டிஷனர் போட்டு, அது முடியில் இருக்கும்போதே விரலாலோ அகலப் பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். அலசிய பிறகு துவட்டாமல், தண்ணீர் சொட்டும் நிலையிலேயே ஜெல் தடவி, நுனியைக் கையில் அள்ளி மேலே கசக்கிவிட வேண்டும். கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு வடிகட்டினால் வீட்டிலேயே ஜெல் கிடைக்கும். ஆறவிட்டால் துணியில் இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். தடித்த டர்க்கி டவலுக்குப் பதில் பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடுங்கள். முழுக்கக் காயும்வரை கை வைக்காதீர்கள். காய்ந்ததும் முடி மொறமொறவென்று இருக்கும். அதைக் கசக்கி உடைத்தால் சுருள் மட்டும் நிற்கும். மூன்று மாதம் கழித்தும் நேரான முடிதான் வேண்டும் என்று தோன்றினால், அது சுருட்டையைப் பற்றிய உங்கள் தெளிவான முடிவு. அதில் தவறு ஒன்றுமில்லை.

அடுத்து, எதைச் செய்கிறோம் என்று தெரிய வேண்டும். போர்டில் ஸ்மூத்தனிங், ரீபாண்டிங், கெராட்டின், போடாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று பத்துப் பெயர் இருக்கும். உள்ளே நடப்பது பெரும்பாலும் இரண்டே வகை.

முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவை, கெராட்டின் எனும் முடிப் புரதத்தின் இழைகளுக்கு நடுவே இருக்கும் பிணைப்புகள். ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டால் விட்டுப்போகும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். ஈர முடியைப் பின்னிப் படுத்தால் காலையில் அலை அலையாக இருப்பதும், அயர்ன் செய்த முடி அடுத்த குளியலில் சுருண்டுகொள்வதும் இதனால்தான். டைசல்பைடு எனும் கந்தகப் பிணைப்பு தண்ணீருக்கு மசியாது. முதல் வகையான ஸ்ட்ரெய்ட்டனிங், ரீபாண்டிங் இரண்டிலும் தயோகிளைக்கோலேட் கிரீம் அந்தப் பிணைப்பை உடைக்கிறது, அயர்ன் முடியை நேராகப் படிய வைக்கிறது, நியூட்ரலைசர் அந்த நேர் வடிவத்திலேயே பிணைப்பைத் திரும்பப் பூட்டுகிறது. இது நிரந்தரம். மேலை நாடுகளில் கறுப்பினப் பெண்கள் அதிகம் பயன்படுத்திய ரிலாக்ஸர் வேறு ரகம்: சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரம். அது பட்ட முடியில் தயோ கிரீம் போட்டால் முடி அறுந்து கையோடு வரும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து இங்கே செய்துகொள்கிறவர்கள் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வகை கெராட்டின் சிகிச்சை. மேலே பூசி, சூட்டில் இறுக்கி, சில மாதங்களில் கரைந்துபோவது. "இது கெமிக்கலே இல்லை, புரோட்டீன்தான்" என்று சொல்லித்தான் விற்பார்கள். பழைய ரகங்களில் வேலை செய்தது ஃபார்மால்டிஹைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திய பொருள். லேபிளில் ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால் என்று இருந்தாலும் அதேதான். 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று அச்சிட்ட பொருள்களிலும் அது இருப்பதைக் கண்டு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 2011இல் எச்சரிக்கை விட்டது. அதற்கு மாற்றாக வந்தது கிளையாக்ஸிலிக் அமிலம். நிறம் அடித்த முடியை அது வெளுக்கவைக்கும். அது சின்ன விஷயம். இப்படிப்பட்ட கிரீம் போட்டுக்கொண்ட ஒவ்வொரு தடவையும் ஒரே பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். இஸ்ரேலிலும் இதேபோல் பல பெண்களிடம் பார்த்திருக்கிறார்கள். அயர்ன் வைக்கும்போது கண் எரிந்து மூக்கில் காரம் ஏறினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் புகையை நீங்கள் சுவாசிப்பது ஒரு நாள். அந்தப் பார்லர் பெண் தினமும் சுவாசிக்கிறாள்.

நேராக்கும் பொருள்களை ஓராண்டில் 4 தடவைக்கு மேல் பயன்படுத்திய பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாக 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வையும் பலர் கேட்கிறார்கள். 33,497 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. 70 வயதுக்குள் அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். எந்த வேதிப்பொருளால் என்று அது பிரித்துக் காட்டவில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை தயோ ஸ்ட்ரெய்ட்டனிங் செய்கிறவர் அந்த எண்ணை அப்படியே தன்மேல் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் 'அடிக்கடி' என்ற சொல்லை மனதில் வையுங்கள். கர்ப்பம், தாய்ப்பால் காலம் இரண்டிலும் வேண்டாம். பிரசவத்துக்குப் பின் 3, 4 மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டும். அந்தச் சமயத்தில் செய்துவிட்டுக் கிரீம்மேல் பழி போடுவதும் நடக்கிறது. 12, 13 வயதுப் பெண்ணைக் கூட்டிவரும் அம்மாக்களிடம் நாங்கள் முடியாது என்றே சொல்கிறோம். பூப்பெய்தும் வயதில் முடியின் சுருளே மாறலாம்.

இனி உங்கள் முடியின் பூர்வீகம். முடி மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. வளரும், ஆண்டுக்கு 15. 60 செ.மீ. நீளமிருந்தால் நுனிக்கு வயது நான்கு. ஆகவே "போன வருஷம் ஒண்ணும் பண்ணலையே" என்பது பதில் ஆகாது. நான்கு வருடக் கணக்குச் சொல்ல வேண்டும். கலர், பிளீச், பழைய ஸ்மூத்தனிங் எல்லாம். எல்லாவற்றையும்விட மருதாணி. சுத்தமான மருதாணியே முடிமேல் படிந்து கிரீமைச் சீராக உள்ளே விடாது. 'கருப்பு மருதாணி' என்று பொடியாக விற்பவற்றில் வேறு சாயங்கள் கலந்திருக்கும். உலோக உப்பு இருந்தால் நியூட்ரலைசரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து முடி சூடாகி உருக்குலையும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் 20 வால்யூம், அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 30 மி.லி., அதில் 20 சொட்டு அம்மோனியா கரைசல். வெட்டிய முடியில் கொஞ்சம் நூலில் கட்டிப் போட்டு, மூடாமல், 30 நிமிடம் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கிண்ணம் சுடுகிறது, நுரைக்கிறது, நாற்றம் வருகிறது என்றால் அந்த முடி வளர்ந்து வெட்டப்படும்வரை கிரீம் கிடையாது.

இழுவைச் சோதனை இன்னும் எளிது. நனைந்த ஒற்றை முடியை இரு முனையிலும் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல முடி ரப்பர் மாதிரி நீண்டு திரும்பும். உடனே அறுந்தால் வறட்சி முற்றியிருக்கிறது. நீண்டு அப்படியே நின்றுவிட்டால் உள்ளே ஏற்கெனவே உடைந்திருக்கிறது. அதற்கு இன்னொரு கிரீம் தாங்காது. கடைசியாக, பிடரியில் வெளியே தெரியாத சின்னக் கற்றை ஒன்றில் முழு வேலையையும் அதே கிரீமால் செய்து, இரண்டு தடவை தலைக்குக் குளித்துப் பாருங்கள். "அதெல்லாம் தேவையில்லை மேடம்" என்று சொல்லும் பார்லரில் உட்கார வேண்டாம்.

அன்றைய வேலை 4 முதல் 6 மணி நேரம். முந்தின நாளே எண்ணெய் போக அலசிவிட்டு வாருங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கும், கிரீமைத் தடுக்கும். தலையைச் சொறியக்கூடாது. புண் இருந்தால் தேதியை மாற்றுங்கள். கிரீம் உச்சந்தலையில் படாமல் 1 செ.மீ. தள்ளி ஆரம்பிக்க வேண்டும், நுனிக்குக் கடைசியில் போட வேண்டும். 10 நிமிடத்தில் ஒரு முடியை எடுத்து விரலில் சுற்றி விட்டுப் பார்ப்பார்கள். அது துள்ளிச் சுருளாமல் சுற்றிய வாக்கிலேயே கிடந்தால் கிரீம் வேலையை முடித்துவிட்டது. இல்லையென்றால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து "30 நிமிஷம் ஆச்சு" என்று எடுப்பவர்தான் முடியைக் கெடுப்பார். தாண்டிவிட்டால் நனைந்த முடி வெந்து குழைந்த சேமியா மாதிரி கையில் வழுக்கும். அங்கிருந்து திரும்ப வழியில்லை.

பிறகு வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, டிரையரில் முழுக்க உலர்த்த வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் அயர்ன் சூட்டில் அது முடிக்குள்ளேயே ஆவியாகிக் குமிழ் விடும், பிறகு அதே இடத்தில் உடையும். 'சுர்' என்று சத்தம் வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மெல்லிய அல்லது நிறமடித்த முடிக்கு 180 டிகிரி போதும், தடித்த முடிக்கு 200 சொச்சம். பிரித்து எடுக்கும் பகுதி மெலிதாக இருந்தால் இரண்டு, மூன்று இழுப்பில் முடிந்துவிடும். அவசரத்தில் தடிப்பாக எடுத்து ஏழெட்டு இழுப்பு இழுப்பதுதான் முடியை வறுத்தெடுக்கும். அடுத்து நியூட்ரலைசர், 10, 15 நிமிடம், பெட்டியில் போட்டபடி. தலை எரிகிறது என்று பாதியில் நிறுத்தினாலும், கிரீமை அலசியபின் நியூட்ரலைசர் போடாமல் வீட்டுக்குப் போகக்கூடாது. பிணைப்புகள் திறந்தபடியே இருக்கும்.

மூன்று நாள் நனைக்காதே, கட்டாதே, காதுக்குப் பின்னால் ஒதுக்காதே என்பார்கள். நியூட்ரலைசர் ஒழுங்காக வேலை செய்திருந்தால் இது அவ்வளவு முக்கியமில்லை. ஒழுங்காகச் செய்ததா என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் சொன்னபடி கேட்டு நடங்கள்.

இதெல்லாம் சரியாக நடந்தாலும் ஆறாவது மாதம் 7 செ.மீ. சுருட்டை வேரில் நிற்கும். லேசான அலை முடி என்றால் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாது. இறுக்கமான சுருள் என்றால் மூன்றாம் மாதமே மேலே புதர், கீழே நூல். செய்து அதிகம் பயனடைகிறவர்களுக்கே பராமரிப்பும் அதிகம். புதிதாக வளர்ந்த முடியை மறுபடி நேராக்கும் டச் அப் வேரில் மட்டும். பழைய நேரான முடிமேல் கிரீம் வழிந்தால் சேரும் இடத்திலேயே அறுந்து விழும். "கொட்டுது" என்று வருகிறவர்கள், விழுந்த முடியின் முனையைப் பாருங்கள். வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து வந்தது, இல்லையென்றால் நடுவில் உடைந்தது. மருந்து வேறு வேறு. வேண்டாம் என்று மனம் மாறினால் பழைய சுருட்டையைத் திரும்பக் கொண்டுவரக் கிரீம் கிடையாது. வெட்டித்தான் தீர வேண்டும், தோள்வரை வளர இரண்டு வருடம்.

முடி அடர்த்தி குறைவாக இருப்பவர்கள் இன்னொரு முறை யோசியுங்கள். சுருள் மறைத்துவைத்த வகிடு, நேரானதும் அகலமாகத் தெரியும். கல்யாணத்துக்காகச் செய்வதாக இருந்தால் குறைந்தது மூன்று, நான்கு வாரம் முன்பே. அன்றைக்குச் சடை பின்னும்போது சவுரி நழுவும், மல்லிகைச் சரத்தின் ஊசி நிற்காது. அலங்காரம் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் முடியைச் சொரசொரப்பாக்கிக்கொண்டு பின்னுவார்.

எழுந்து வருவதற்குள் கிரீம் டப்பாவின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை, ஒருவேளை வேறு ஊரில், வேறு பார்லரில், "போன தடவை என்ன போட்டீங்க?" என்று கேட்பார்கள்.