சீனி சரியாக இருக்கிறது, டிரைகிளிசரைடு?

பினாங்கில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் இரத்த மாதிரிகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருப்பதால், உடல் பருமனான பிள்ளைகளின் அறிக்கைகள் அடிக்கடி என் கண்ணில் படுகின்றன. அறிக்கைக்கு விளக்கம் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. ஆனாலும் தமிழ் பேசுகிறவள் என்பதற்காகக் கவுண்டருக்கு என்னைக் கூப்பிடும் தாய்மாரும் பாட்டிமாரும் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "சீனி நல்லாத்தானே இருக்கு?" அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். அந்த எண்ணைக் காப்பாற்றப் பிள்ளையின் கணையம் எவ்வளவு இன்சுலினைச் செலவழிக்கிறது என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது. அதற்கான தடயம் சில வரிகள் தள்ளி, கொழுப்புப் பட்டியலில், இரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். என்ற இரண்டு இடங்களில் இருக்கிறது.

பருமனான பிள்ளையின் தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லுக்கு முன்போல் இசைவதில்லை. கணையத்தின் பீட்டா செல்கள் அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுரக்கின்றன. ஈடுகட்ட முடிகிற வரை இரத்தச் சர்க்கரை ஏறாது. இங்கே ஒரு விசித்திரம் உண்டு. குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் இன்சுலினைக் கல்லீரல் சரிவரக் கேட்பதில்லை. கொழுப்பை உண்டாக்கச் சொல்லும்போது மட்டும் நன்றாகக் கேட்கிறது. அதோடு கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்களும் வந்து சேர, கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த வி.எல்.டி.எல். துகள்களை இரத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அத்துகள்கள் எச்.டி.எல்.லோடு பண்டமாற்று செய்து, தம் டிரைகிளிசரைடைக் கொடுத்துக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. இப்படி மாறிய எச்.டி.எல். சிறுத்து, இரத்தத்திலிருந்து விரைவில் அகற்றப்படுகிறது. ஆகவே டிரைகிளிசரைடு ஏறி எச்.டி.எல். இறங்கியிருக்கும், எல்லாரும் பயப்படுகிற 'கெட்ட கொலஸ்ட்ரால்' எல்.டி.எல். மட்டும் ஒழுங்காகத் தெரியும். "கொலஸ்ட்ராலும் இல்லை, சீனியும் இல்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களில் இந்த வகைப் பிள்ளைகளும் உண்டு.

அறிக்கைத் தாளே சில சமயம் ஏமாற்றிவிடும். பிள்ளையின் டிரைகிளிசரைடு எண்ணுக்குப் பக்கத்திலும் பெரியவர்களுக்கான 1.7 மில்லிமோல் என்ற எல்லையையே அச்சிட்டுத் தருகிற வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். 2011-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டியின்படி, பத்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமோல் வந்தாலே அது உயர்வு. பத்து வயதுக்குக் கீழே 1.1 போதும். எட்டு வயதுப் பையனுக்கு 1.6 வந்தால் தாளில் சிவப்புக் குறி எதுவும் இருக்காது. கண்ணாலும் பிடிக்க முடியாது: குழாயைச் சுழற்றி எடுத்ததும் மஞ்சள் ஜெல்லுக்கு மேலே நிற்கும் சீரம் என்ற தெளிநீர், டிரைகிளிசரைடு ஏறத்தாழ 3.4-ஐத் தாண்டினால்தான் கலங்கித் தெரியும். 1.6 உள்ள சீரம் தெளிவாகவே நிற்கும்.

தோல் சில சமயம் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. பேரனின் பின்கழுத்தைத் திருப்பிக் காட்டி, "கடலை மாவு போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் இந்த அழுக்கு போக மாட்டேங்குதும்மா" என்றார் ஒரு பாட்டி. மடிப்புகளில் வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தது. தேய்த்த இடம் சிவந்தும் இருந்தது. "பாட்டி, அது அழுக்கு இல்லை, தேய்க்காதீங்க. டாக்டர்கிட்ட மறக்காமக் காட்டுங்க" என்றேன். மிகையான இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டுவதால் வரும் மாற்றம் அது. அந்தப் பையனின் சர்க்கரை எண்ணும் ஒழுங்காகவே இருந்தது.

அப்படியானால் இன்சுலினையே அளந்துவிடலாமே என்று படித்த பெற்றோர் கேட்பதுண்டு. நான் அதை ஊக்குவிப்பதில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வருமானம் தரும் பரிசோதனைதான், இருந்தாலும். கருவிக்குக் கருவி எண் மாறும். அழுகிற குழந்தையின் கையில் சிரமப்பட்டு எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால், அவற்றிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைத்து அளவைக் குறைத்துக் காட்டும். கணையம் சுரப்பதில் ஏறத்தாழப் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்வதால், கையில் எடுக்கும் இரத்தம் முழுச் சுரப்பைக் காட்டுவதும் இல்லை. போதாக்குறைக்குப் பருவமடையும் வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினுக்கு இசையும் தன்மை தற்காலிகமாகக் குறைந்து சுரப்பு கூடும். பன்னிரண்டு வயதில் வந்த ஓர் எண்ணை வைத்து வீட்டில் கலவரப்படுவதில் பயனில்லை.

கொழுப்பும் கணையத்தைச் சும்மா விடுவதில்லை. கொழுப்பு அமிலங்கள் சில மணி நேரத்துக்கு இன்சுலின் சுரப்பைத் தூண்டும். நீண்ட காலம் மிகுந்திருந்தால் பீட்டா செல்களைத் தளர்த்தும். டெக்சாஸில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவு இல்லாத பெரியவர்களுக்கு நான்கு நாள் கொழுப்புக் கரைசலை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். குடும்பத்தில் நீரிழிவு இல்லாதவர்களுக்குச் சுரப்பு கூடியது. குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்களுக்குக் குறைந்தது. பெரியவர்களிடம் செய்த சோதனை என்பதால் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் தாத்தா, பெரியப்பா, அத்தை என்று வீட்டில் பாதிப் பேர் நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை விழுங்கும் நம் குடும்பங்களில், பருமனான பிள்ளையை "வளர்ந்தால் இளைத்துவிடுவான்" என்று விட்டுவிடுவதற்கு முன் அதை யோசிக்கச் சொல்வேன்.

அறிக்கையில் "கொழுப்பு" என்று கண்டவுடன் நம் வீடுகளில் முதலில் நிற்பது நெய்யும் தேங்காய்ப்பாலும்தான். சீனி சேர்ந்த சாக்லேட் பானமான மைலோ நிற்பதில்லை. இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னாலே "மைலோ மட்டும்தான் குடித்தான்" என்று அழைத்து வருகிறார்கள். அது வீட்டாருக்கு உணவுக் கணக்கில் சேராது போலும். டிரைகிளிசரைடுக்கோ சீனிதான் பெரிய தீனி, குறிப்பாகச் சீனியில் பாதியான ஃபுரக்டோஸ், கல்லீரலில் எளிதாகக் கொழுப்பாக மாறுவதால். சான் பிரான்சிஸ்கோவில் குழந்தை மருத்துவர் ராபர்ட் லஸ்டிக் குழுவினர், பருமனான பிள்ளைகளின் உணவில் சீனியைக் குறைத்து, மொத்தக் கலோரி குறையாதபடி மாவுச்சத்தால் ஈடுசெய்து ஒன்பது நாள் கொடுத்தபோது, டிரைகிளிசரைடும் இன்சுலினும் இறங்கின. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பது அதன் குறை. திசையில் எனக்குச் சந்தேகமில்லை. மலேசியாவில் 2019 ஜூலையில், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள போத்தல் குளிர்பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. பள்ளி விடும் நேரத்தில் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டித் தரும் சிராப்பு என்ற சீனிப்பாகுத் தண்ணீருக்கு அந்த வரி கிடையாது.

இணையத்தில் படித்துவிட்டு, உடல் இன்சுலினுக்கு இசைகிறதா என்று அறிய டிரைகிளிசரைடை எச்.டி.எல்.லால் வகுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டுக் கட்டுரைகளும் காணொளிகளும் மில்லிகிராம் கணக்கில் பேசுகின்றன. அங்கே எல்லையாகச் சொல்லப்படும் 3 என்ற விகிதம் நம் மில்லிமோல் கணக்கில் 1.3 மட்டுமே. இங்குள்ள அறிக்கையில் 2 வந்ததைப் பார்த்து "மூன்றுக்குக் கீழே" என்று மகிழ்ந்த ஒரு தகப்பனாரிடம் இதைச் சொல்லி, மருத்துவரைப் பார்க்க அனுப்பினேன்.

இனிப்புப் பானத்தை நிறுத்தி, மாலையில் ஓடியாட விட்டால் சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்குவது டிரைகிளிசரைடுதான். எடை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. கழுத்தின் கறுப்பு மறைய மாதங்கள் ஆகும். மறுபரிசோதனைக்கு வரும்போது அதே ஆய்வுக்கூடத்துக்கு, முந்தின இரவு உணவுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்து வந்தால், இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.