அஞ்சாவது

"எத்தனாவதும்மா?"

"அஞ்சு."

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

தங்கையைச் செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம் போயிருந்தேன். நர்சம்மா அந்த அஞ்சாவதுக்காரியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, வெளுத்த துணி மாதிரி. ரத்தம் 7.8 கிராம்தான். கர்ப்பிணிக்கு 11 ஆவது இருக்க வேண்டும்.

"நாலும் சுகப்பிரசவம்க்கா. இது தும்மினாலே வந்துடும், வீட்டுலயே பார்த்துக்கறோம்."

நர்சம்மா குரல் மாறிவிட்டது. "வர்றது ஈஸிதான். அப்புறம் கர்ப்பப்பை சுருங்கணுமே! நாலு தடவை இழுத்த எலாஸ்டிக் அது. சுருங்கலேன்னா ரத்தம் நிக்காது. உனக்கு இருக்கிறதே கொஞ்சம்."

பழகிய உடம்புக்குப் பிரசவம் லேசு என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஒன்பது பெற்ற எங்கள் பாட்டியை அப்படித்தானே பெருமையாகச் சொல்வோம். (தங்கினது ஆறு. அதை யாரும் சொல்வதில்லை.)

முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை 18,000 ரூபாயும் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். சத்து அதிகம் வேண்டியது இவளுக்கு.

கிளம்பும்போது தங்கை அவளிடம் ஒரு கடலை உருண்டை கொடுத்தாள். இடுப்பில் இருந்த குழந்தை கை நீட்டியது.

முழுசாகக் கொடுத்துவிட்டாள்.