டென்ட் போட மூணாறை விட மறையூர்

உடுமலை வழியாக மூணாறு போகிறவர்கள் மறையூரில் ஒரு டீ குடித்துவிட்டு மேலே ஏறிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு டென்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டுமென்றால் நிற்க வேண்டிய ஊர் இதுதான். உயரம் சுமார் 1000 மீட்டர், குளிர் தாங்கும். மழை மறைவுப் பகுதி என்பதால் ஜூன், ஜூலையில் மூணாறு ஊறிக் கிடக்கும்போது இங்கே பெரும்பாலும் தூறலோடு சரி, காற்றுதான் பலம். ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள், அப்போதுதான் இங்கே கொட்டும்.

உடுமலைப் பக்கமிருந்து வந்தால் ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி சின்னாறு காடு முடியும்வரை வண்டியை நிறுத்தக் கூடாது. மதியம் 3 மணிக்குள் ஊர் சேருங்கள். காட்டிலும் சந்தன மரப் பகுதியிலும் டென்ட் அடிக்க முடியாது. ஹோம்ஸ்டே, தனியார் தோட்டம்தான். இடத்துக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வாடகை அல்ல, பக்கத்துக் கரும்புக்கு யானை வருகிறதா என்பது. வரும் என்றால் வீட்டை ஒட்டியே அடியுங்கள். வாங்கிய உருண்டை வெல்லம், வாழைப்பழம் எதுவும் டென்டுக்குள் இருக்கக் கூடாது.

தரையில் பாறை அதிகம், டென்ட் முளை பாதியில் நின்றுவிடும். சுத்தியலால் அடித்து வளைக்காமல், தலையளவு கல்லில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் முன்னால் இன்னொரு கனமான கல்லை அண்டக் கொடுங்கள். வாசல் காற்று வரும் பக்கம் பார்க்காமல் அதற்கு மறுபக்கம் இருக்கட்டும். அடியில் விரிக்கும் தார்ப்பாயின் ஓரம் டென்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீர் அதில் வழிந்து நேராக முதுகுக்கு அடியில் வந்து தேங்கும். நாலு பக்கமும் நாலு விரல் உள்ளே மடித்துவிடுங்கள்.

விடிகாலையில் உள்கூரை சொட்டினால் டென்ட் ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் அது நாலு பேர் விட்ட மூச்சு. குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் மூடியதால் வந்த வினை. மேல் வலை ஜன்னலைத் திறந்தே வையுங்கள். குளிர் ஏறுவது தரையிலிருந்துதான். மேலே இரண்டு கம்பளி போர்த்துவதைவிடக் கீழே ஒரு ஃபோம் பாய் நல்லது.

சமையலுக்கு 3 லிட்டர் குக்கர் கட்டாயம். இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. சின்ன கேஸ் கேன் அதிகாலையில் தீயைக் குறைத்துவிடும்: உள்ளே இருக்கும் பியூட்டேன் குளிரில் சரியாக ஆவியாகாது, எரிய எரிய கேனும் ஜில்லிடும். ராத்திரி கேனைக் கம்பளிக்குள் சுற்றி வைத்தால் போதும். காற்றுக்காக அடுப்பை கேனோடு சேர்த்து நெருக்கமாகக் கல் அடுக்கி மறைக்காதீர்கள், கேன் சூடாகி வெடிக்கலாம். மழை வந்தாலும் டென்டுக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது.

மறுநாள் முனியறைகளை, அதாவது பாறை மேல் இருக்கும் பழங்காலக் கல்லறைகளைப் பார்க்க வெயிலுக்கு முன்பே ஏறுங்கள், பாறை மேல் நிழல் கிடையாது. டென்டைத் திரும்பி வரும்வரை பிரிக்க வேண்டாம், காயட்டும். ஈரத்தோடு மடித்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.