பத்து விநாடியில் காணாமல் போன பத்திரிகைகள்

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது அச்சகத்துக்கு நிரல் எழுதித் தருகிறேன் என்று யாரும் வாயைக் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன். தெரிந்த அண்ணன் ஒருவர் நடத்தும் சிறிய ஆஃப்செட் அச்சகம் அது. எந்தக் கல்யாணப் பத்திரிகை பிளேட்டுக்குப் போயிருக்கிறது, எந்த பில் புக் பைண்டிங்கில் கிடக்கிறது என்பதையெல்லாம் சுவரிலிருந்த கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். யாராவது தோள் உரசிப் போனால் இரண்டு வேலைகள் அழிந்துவிடும். அதை ஒரு வலைப்பக்கமாக மாற்றித் தருகிறேன் என்றேன்.

பைத்தானில் முந்நூறு வரிக்குள் ஒரு நிரல். வேலைப் பட்டியலை நினைவகத்தில் வைத்திருக்கும். நான் டெர்மினலில் கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால், அந்தக் குறுக்கீட்டைப் பிடித்துப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிவிட்டுத்தான் உயிர் விடும். என் மடிக்கணினியில் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. இந்தக் கண்ட்ரோல்-சி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தலைவலிக்கெல்லாம் அதுதான் மூலம்.

அச்சகத்துக் கணினி பழையது, அதிலிருந்த லினக்ஸும் வேறு வகை. அதனால் நிரலையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொதியாக, கண்டெய்னர் இமேஜாகக் கட்டி எடுத்துப் போவது என்று முடிவு செய்தேன். அந்த இமேஜை ஓட்டும்போது கிடைக்கும் தனி அறைதான் கண்டெய்னர். கட்டும் படிகளையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கும் கோப்பான டாக்கர்ஃபைலை எழுதியிருக்கலாம். ஆனால் பதிப்பு எண், தேதி, போர்ட் (நிரல் காத்திருக்கும் வாசல் எண்) என்று மாறும் விவரங்களை, கட்டளைகளை எழுதி வைக்கும் ஷெல் ஸ்கிரிப்டிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் கையால் செலுத்திப் பார்க்கும் ஆசை இருந்தது. அதற்கு பில்டா பொருத்தமாகப் பட்டது. ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் பிறந்த, கண்டெய்னர் இமேஜ் கட்டும் கருவி; பின்னணியில் சேவகன் எதுவும் ஓட வேண்டியதில்லை, ரூட் உரிமையும் (கணினியின் முழு அதிகாரமும்) தேவையில்லை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் வால்ஷ் பாஸ்டன்காரர். அந்த ஊர் உச்சரிப்பில் ‘பில்டர்’ என்ற சொல்லின் கடைசி ரகரம் கரைந்து ‘பில்டா’ ஆகிவிடும். பெயர் வந்த கதை அதுதான். நம் ஊரில் யாராவது ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாயப்பயம்’ என்று சொல்லி அதையே மென்பொருளுக்குப் பெயராக வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலித்தபடி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

‘பில்டா ஃப்ரம் ஆல்பைன்’ என்று தட்டினால் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் இமேஜிலிருந்து ஒரு வேலைக் கண்டெய்னர் கிடைக்கும். ‘பில்டா ரன்’ மூலம் அதற்குள் பைத்தானை நிறுவலாம். ‘பில்டா காப்பி’ நிரலை உள்ளே வைக்கும். ‘பில்டா கமிட்’ எல்லாவற்றையும் இமேஜாக முடித்துத் தரும். நடுவில் இருப்பது ‘பில்டா கான்ஃபிக்’. எந்த நிரலை ஓட்டுவது, எந்தப் பயனராக ஓட்டுவது, சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு மதிப்புகள்) எவை, எந்த போர்ட் என்பதை அதில்தான் சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்துவிட்டு, இது ஏதோ பொத்தானைத் திருகுவது போல அப்போதே காரியத்தை நடத்தி முடிக்கும் என்று நினைத்துவிட்டேன். அது எதையும் நடத்துவதில்லை. அச்சகத்தில் வேலை உறையின் மேல் ‘இரண்டு கலர், 500 பிரதி, நடுவில் மடிப்பு’ என்று எழுதி வைப்பார்களே, அதைப் போல ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. படிப்பவர் பின்னால் வருவார். எதைப் படிப்பார், எதை விடுவார் என்பது அவர் பாடு.

முதல் நாள் ‘--போர்ட் 8080’ என்று எழுதி, கமிட் செய்து, கண்டெய்னரை ஓட்டும் கருவியான பாட்மேனில் ஓட்டி, உலாவியைத் திறந்தேன். பக்கம் வரவில்லை. அந்தக் குறிப்பு வெறும் அறிவிப்பு. ‘பாட்மேன் ரன்’ தரும்போது ‘-பி 8080:8080’ என்று நாமே கதவைத் திறக்க வேண்டும். திறந்தேன். அப்போதும் வரவில்லை. பதிவுகளைப் பார்த்தால் என் நிரல் 8000-இல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. 8080 என்ற எண்ணை ‘--சிஎம்டி’ வழியாக நிரலுக்கு அனுப்பியிருந்தேனே, அது எங்கே போயிற்று?

இதற்கு ஒரு முழு மாலை போனது. எந்த நிரலை ஓட்டுவது என்று சொல்லும் ‘--என்ட்ரிபாயின்ட்’ மதிப்பை நான் சாதாரணச் சரமாக, அதாவது ஒரே எழுத்துத் தொடராகக் கொடுத்திருந்தேன்: மேற்கோளுக்குள் ‘பைத்தான்3 /ஆப்/மெயின்.பை’. அப்படிக் கொடுத்தால் பில்டா அதை ‘/பின்/எஸ்எச் -சி’ என்பதற்குள், அதாவது கட்டளைகளைப் படித்து நடத்தும் ஷெல்லுக்குள், பொதிந்துவிடுகிறது. பிறகு சிஎம்டியில் எதை எழுதினாலும் அது ஷெல்லின் காதுக்குப் போகுமே தவிர, என் நிரலுக்கு வந்து சேராது. கையேட்டில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: சரமாகக் கொடுத்தால் சிஎம்டி புறக்கணிக்கப்படும், பட்டியலாகக் கொடுத்தால் அதன் வாலில் சேர்த்துக்கொள்ளப்படும். பட்டியல் என்றால் ஜேசான் வடிவம். சதுர அடைப்பு, ஒவ்வொரு சொல்லுக்கும் இரட்டை மேற்கோள், எல்லாவற்றையும் சுற்றி ஒற்றை மேற்கோள். வெளிச்சுற்றிலும் இரட்டை மேற்கோளைப் போட்டால் ஷெல் உள்ளிருப்பவற்றை உரித்துத் தின்றுவிடும். இப்போதெல்லாம் கான்ஃபிக் கட்டளை தந்த கையோடு ‘பில்டா இன்ஸ்பெக்ட்’ தட்டி, என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

மேற்கோளில் இன்னொரு வழுக்கலும் உண்டு. ‘--என்வ்’ கொண்டு, நிரல்களை எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் மாறியை நீட்டப் போய், டாலர் குறியோடு பாத் என்று இரட்டை மேற்கோளுக்குள் எழுதினேன். அதை விரித்தது என் மடிக்கணினியின் ஷெல். வேலைக் கண்டெய்னரின் குறிப்பில் என் வீட்டு அடைவின் பெயர் முதற்கொண்டு போய் உட்கார்ந்துகொண்டது. நிரல் ஓடியது, எந்தப் புகாரும் இல்லை. தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. நல்லவேளை, கமிட் செய்வதற்கு முன்னால் பார்த்தேன். மாறியின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறுகோடு வைத்து ‘--என்வ்’ தந்தால் அந்த மாறி நீங்கிவிடும். நீக்கிவிட்டு முழுப் பாதையையும் கையால் எழுதினேன். கடவுச்சொல்லை இப்படிச் சூழல் மாறியாக இமேஜில் எழுதி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இமேஜ் கையில் கிடைத்த எவரும் இன்ஸ்பெக்ட் கட்டளை ஒன்றில் அதைப் படித்துவிடுவார்கள்.

அச்சகத்தில் நிறுவிய முதல் நாள் மாலை அண்ணன் அழைத்தார்.

“தம்பி, மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு நோட்டீஸ் வேலை வந்ததாகப் போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் கடையில் யாருமே இல்லை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தோம்.”

வேலை வந்தது மாலை ஆறு மணிக்கு. கண்டெய்னர் உலக நேரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர இடைவெளி. சுலபம்தான் என்று ‘--என்வ் டிஇசட்=ஏஷியா/கொல்கத்தா’ சேர்த்தேன். மாற்றமே இல்லை. இங்கும் அதே கதை. நான் எழுதிய குறிப்பைப் படிப்பவருக்குக் கொல்கத்தா என்றால் என்னவென்று தெரிய வேண்டும். நேர வலய விவரங்கள் ஆல்பைனின் அடிப்படை இமேஜில் இல்லை. ‘டிஇசட்டேட்டா’ என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் பிழை எதுவும் காட்டாமல் உலக நேரத்துக்கே திரும்பிவிடும். பிழை காட்டியிருந்தால் நான் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போயிருப்பேன்.

நிறுவப் போனால் ‘தரவுத்தளத்தைப் பூட்ட முடியவில்லை, அனுமதி இல்லை’ என்று ஆல்பைனின் பொதி நிறுவியான ஏபிகே முரண்டு பிடித்தது. நிரல் ரூட்டாக ஓடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ‘--யூசர் 1001’ என்று முன்னமே எழுதி வைத்திருந்தேன். பில்டா ரன் அந்தக் குறிப்பை ஒழுங்காகப் படிக்கிறது. அதன் பிறகு ஓட்டும் ஒவ்வொன்றும் 1001 என்ற எளிய பயனராகவே ஓடும். ‘பில்டா ரன் --யூசர் ரூட்’ என்று அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் மீறிக்கொள்ளலாம். நான் ஸ்கிரிப்டில் யூசர் வரியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

இரண்டாம் நாள்தான் நிஜமான அடி. காலையில் கடை திறந்து கணினியைப் போட்டார்கள். பட்டியல் காலி. பதினேழு வேலைகள், அதில் ஒன்பது கல்யாணப் பத்திரிகைகள். கரும்பலகையை அதற்கு முந்தைய நாள்தான் கழற்றி மூலையில் சாத்தியிருந்தார்கள். அண்ணன் திட்டவில்லை. பேசாமல் கரும்பலகையை மறுபடியும் மாட்டினார். திட்டியிருக்கலாம்.

கோப்பு எழுதப்படும் அடைவை ‘--வால்யூம் /டேட்டா’ என்று இமேஜில் குறித்திருந்தேன். குறித்துவிட்டால் தரவு பத்திரம் என்று நம்பியிருந்தேன். அந்தக் குறிப்பைப் படிக்கும் பாட்மேன், ஒவ்வொரு புதிய கண்டெய்னருக்கும் பெயரில்லாத ஒரு வால்யூமை, அதாவது கண்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடத்தை, தருகிறது. நானோ ‘ரன்’ கட்டளையில் ‘--ஆர்எம்’ சேர்த்திருந்தேன். கண்டெய்னர் முடிந்ததும் அதை நீக்கு என்று பொருள். பெயரில்லாத வால்யூம்களும் அதோடு சேர்ந்து போய்விடும். அன்று முதல் ‘-வி’ கொடுத்து பெயருள்ள வால்யூமாக மாட்டினேன். இமேஜுக்குள் அந்த அடைவு ஏற்கெனவே 1001-க்குச் சொந்தமாக இருந்ததால், முதல்முறை மாட்டும்போது அந்த உரிமையே வால்யூமுக்கும் வந்துவிட்டது. கட்டும்போதே சோன் கட்டளையால் அடைவின் உரிமையாளரை மாற்றி வைத்தது நான் யோசித்துச் செய்த ஒரே நல்ல காரியம்.

அன்றிரவு என் வீட்டில் சோதித்தேன். மூன்று வேலைகளைச் சேர்த்து, நிறுத்தி, மறுபடியும் ஓட்டினேன். வால்யூம் இருந்தது. அதற்குள் கோப்பு இல்லை.

‘பாட்மேன் ஸ்டாப்’ ஏதோ யோசிப்பது போல நெடுநேரம் எடுக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். எண்ணிப் பார்த்தேன்: சரியாகப் பத்து விநாடி. பிறகு ஓர் எச்சரிக்கை: சிக்டெர்ம் (நின்றுவிடு என்ற சிக்னல்) அனுப்பியும் கண்டெய்னர் 10 விநாடிக்குள் நிற்கவில்லை, அதனால் சிக்கில் (மறுக்க முடியாமல் கொல்லும் சிக்னல்). வெளியேறிய எண் 137, அதாவது 128-உம் சிக்கில்லின் எண்ணான 9-உம். இதைத்தான் முந்தைய நாளே பார்த்திருக்க வேண்டும். அச்சகத்தில் கடையைச் சாத்தும் அவசரத்தில் பத்து விநாடியை யார் எண்ணுகிறார்கள்?

நடந்தது இதுதான். கண்டெய்னருக்குள் என் நிரல்தான் முதலாம் எண் செயல்முறை. சாதாரணச் செயல்முறைக்கு சிக்டெர்ம் வந்தால், அது கையாளாவிட்டாலும் லினக்ஸின் மையமான கர்னல் அதை முடித்துவிடும். முதலாம் எண்ணுக்கு மட்டும் அந்த வழக்கம் கிடையாது. தானாகக் கையாளத் தெரிந்த சிக்னலைத் தவிர மற்றது அதன் காதில் விழாது. பைத்தான் சிக்டெர்முக்கு இயல்பாக எந்தக் கையாளியும் வைப்பதில்லை. கண்ட்ரோல்-சி அனுப்பும் சிக்இன்டுக்கு மட்டும் வைக்கிறது. என் நிரல் சேமிப்பதும் அந்த வழியில்தான். ஆக, பத்து விநாடி முழுவதும் பாட்மேன் கதவைத் தட்டியிருக்கிறது, உள்ளே இருப்பவருக்குக் கேட்கவில்லை, கடைசியில் கதவை உடைத்துவிட்டார்கள்.

நிரலிலேயே சிக்டெர்முக்கு ஒரு கையாளி எழுதுவதுதான் முறை. இரவு பதினொன்றரைக்கு எனக்கு முறை வேண்டாம், தூக்கம் வேண்டும். ‘பில்டா கான்ஃபிக் --ஸ்டாப்-சிக்னல் சிக்இன்ட்’ என்று ஒரே வரி. நிறுத்தச் சொன்னால் கண்ட்ரோல்-சி அழுத்தியது போல அனுப்பு என்று உறையின் மேல் எழுதியாயிற்று.

மறுபடியும் பத்து விநாடி. மறுபடியும் 137.

நிரலைச் சந்தேகித்தேன், பைத்தானைச் சந்தேகித்தேன், இருபது நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. கான்ஃபிக் எழுதியது வேலைக் கண்டெய்னரில். கமிட் செய்யாமல் இமேஜ் மாறாது. கமிட் செய்த பின்னும், ஏற்கெனவே உருவாகிவிட்ட கண்டெய்னரை மறுதொடக்கம் செய்தால் அது தான் பிறந்த பழைய இமேஜின் குறிப்பையே வைத்துக்கொண்டிருக்கும். அதை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும். செய்தேன். ஸ்டாப் தட்டிய விரலை எடுப்பதற்குள் நின்றது. வெளியேறிய எண் 0. கோப்பில் மூன்று வேலைகளும் இருந்தன.

உற்சாகத்தில், நிரல் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும் ‘--ஹெல்த்செக்’ ஒன்றும் சேர்த்தேன். கமிட் செய்யும்போது அது தூக்கி எறியப்பட்டது. பில்டா வழக்கமாக எழுதும் ஓசிஐ என்ற பொதுத் தர இமேஜ் வடிவத்தில் அந்தக் குறிப்புக்கு இடமே கிடையாது. ‘--ஃபார்மேட் டாக்கர்’ என்று கமிட் செய்தால்தான் நிற்கும். அச்சகத்துக்கு ஹெல்த்செக் எதற்கு என்று விட்டுவிட்டேன். பக்கம் வராவிட்டால் அண்ணனே அழைத்துவிடுவார்.

மறுநாள் எடுத்துப் போய் நிறுவினேன். நாலைந்து முறை நிறுத்தி, ஓட்டி, பட்டியல் போகவில்லை என்று அவர் கண் முன்னால் காட்டினேன். நேரமும் சரியாக இருந்தது. நிறுத்தும்போது நிரலுக்கு ஒரு சிக்னல் போகும், அது கிடைத்ததும் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடும் என்று பெருமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டே கட்டிங் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கரண்ட் போனால் அந்த சிக்னல் வருமா தம்பி?”

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வேலை சேரும்போதும் கோப்பில் எழுதும்படி நிரலை மாற்றினேன். நான்கு வரி. கரும்பலகை இன்னும் சுவரில்தான் இருக்கிறது.